நிறுத்தாமல் இருபது முறை

என் காரின் முன்சக்கரங்கள் இரண்டு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தன. பிரேக்கை மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம். நானும் கத்துகிற ஆள்தான் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு விழிதியூருக்கும் காரைக்காலுக்குமாக தினமும் ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தேன். கீச்சு ஒருநாள் கரகரப்பாக மாறியது. அப்போதும் நான் அசையவில்லை. என் கணவர்தான், "நீ வர்றது மூணு தெருவுக்கு முன்னாடியே கேக்குது, கொண்டுபோய்க் காட்டிட்டு வா" என்று விரட்டினார்.

நெரவிக்கு வெளியே ஒரு பாய் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வேலையில் சுத்தம், பேச்சில் கறார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு, பளபளவென்றிருந்த டிஸ்க்கைக் காட்டினார். அதில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"அக்கா, நீங்க பிரேக் மேல கால வெச்சுக்கிட்டே வண்டி ஓட்டுறீங்க."

"நானா? சேச்சே!"

"நான் சொல்லலக்கா, இது சொல்லுது. பிரேக் பேடு முழுசாத் தேஞ்சு இரும்பும் இரும்பும் உரசியிருக்கு. ரெண்டையும் மாத்தணும்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. பதினாறு வருடம் அரசாங்க ஆபீசில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் சுழிப்பவள் நான். என் தப்பை ஒருவர் கையில் எடுத்துக் காட்டினால் எப்படி இருக்கும்? சரி, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை வண்டி தயார். சாவியை வாங்கக் கையை நீட்டினேன். பாய் தரவில்லை.

"இன்னும் வேலை முடியலக்கா. பாதி வேலையை நீங்க செய்யணும்."

"நான் என்ன செய்யணும்?"

"புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு இன்னும் பழகல. பேடு லேசா உரசி உரசி, அதோட மாவு டிஸ்க்குல ஒரே சீரா ஏறணும். அதுக்கு நீங்க காலி ரோட்டுல போய் அம்பதுல ஓட்டுங்க. மெதுவா மிதிச்சுப் பத்துக்குக் கொண்டு வாங்க. நிறுத்தக் கூடாது. பத்துக்கு வந்ததும் காலை எடுத்துட்டு மறுபடி அம்பது. நடுவுல கொஞ்ச தூரம் சும்மா ஓட விடுங்க, காத்து படட்டும். இந்த மாதிரி இருபது தடவை."

"நிறுத்தவே கூடாதா?"

"கூடவே கூடாது. சூடா இருக்கறப்ப மிதிச்சு நிறுத்திட்டீங்கன்னா பேடு அந்த இடத்துல அப்பிக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவை மிதிக்கிறப்பவும் பெடல் உதறும். காலம் பூரா உதறும்."

நான் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அம்பது, பத்து, இருபது தடவை, நிறுத்தக் கூடாது. கடைசியில் உள்ளதற்கு அடிக்கோடு போட்டேன். பாய் சிரித்தார். சிரிக்கட்டும். விதி என்று ஒன்று இருந்தால் அதை அட்சரம் பிசகாமல் செய்வது என் பழக்கம். அந்தப் பழக்கத்தால் ஆபீசில் நல்ல பேரும் சொந்தக்காரர்களிடம் கெட்ட பேரும் சம்பாதித்திருக்கிறேன்.

அன்று நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் ரோட்டில் சுற்றச் சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் இருந்தால் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். எதிர்வீட்டில் அன்று கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதில் என் பேர் இருக்குமா, இருக்காதா என்பது எனக்குத் தெரியாது.

எதிர்வீடு என் கணவரின் அண்ணன் வீடு. அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை.

எல்லாம் இந்தக் காரால் வந்தது. எங்கள் பக்கம் புது வண்டி எடுத்தால் வீட்டு மூத்தவர்களை முதலில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப் போய் வருவது வழக்கம். காரைக்காலில் வண்டியை எடுத்த அன்று, என் அம்மா கோட்டுச்சேரியில் இருக்கிறாரே, பக்கம்தானே என்று அவரை ஏற்றிக்கொண்டு திருநள்ளாறு போய்விட்டு, சாயங்காலம் விழிதியூர் வந்து சேர்ந்தேன். அக்கா காலையிலிருந்து பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆரத்தித் தட்டோடு வாசலில் காத்திருந்திருக்கிறார். மதியச் சாப்பாடுகூடச் சாப்பிடவில்லையாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

"உங்கம்மா வீட்டு வண்டியில எனக்கென்ன வேலை? நான் அதுல கால வெக்க மாட்டேன்" என்றார் அக்கா.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு நான் உள்ளே போயிருக்கலாம். ஆனால் என் வாய் இருக்கிறதே! "வெக்காட்டிப் போங்க, சீட்டாவது அழுக்காகாம இருக்கும்" என்றேன்.

அக்கா வயல்காரி. இரண்டு வேலி நிலத்தையும் ஆள் வைத்து, கூடவே இறங்கி, தானே பார்க்கிறவர். நாற்று நடவில் ஆரம்பித்து அறுப்பு வரை அவர் காலில் சேறு இல்லாத நாள் குறைவு. நான் ஆபீஸ்காரி. அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். கோபத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் நான் சாக்குச் சொல்வதில்லை. குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். அக்கா ஆரத்தியை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அவருடைய ஒரே மகனுக்குத்தான் இப்போது கல்யாணம். அந்தப் பையன் பாதி நாள் என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். நாங்கள் பேசாமல் இருந்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சென்னையிலிருந்து, "சித்தி, என்ன குழம்பு?" என்று போன் செய்தவன். பத்திரிகையில் மாமன், அத்தை, சித்தப்பா, சித்தி என்று உறவுமுறை போட்டுப் பேர் அச்சடிப்பார்கள் அல்லவா? அந்த வரிசையில் நான் இல்லையென்றால் கல்யாண மண்டபத்தில் நான் யார்? சாப்பிட வந்த ஆள், அவ்வளவுதான்.

முதல்நாள் என் கணவரிடம் கேட்டேன். அண்ணன் தம்பிக்குள் சண்டை கிடையாது, அவர்கள் தினமும் சேர்ந்து டீ குடிக்கிறவர்கள். "என் பேரு கண்டிப்பா இருக்கு. உன் பேரைப் பத்தி அண்ணன் வாயத் தொறக்கல. அண்ணி கையிலதான் இருக்காம். நாளைக்கு அவங்களே புரூப் எடுத்துக்கிட்டு பிரஸ்ஸுக்குப் போறாங்களாம்" என்றார்.

"போட்டாப் போடட்டும், போடாட்டிப் போகட்டும், யாருக்கு வேணும்!" என்றேன். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

இப்படிப்பட்ட மனநிலையில்தான் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நெரவியிலிருந்து விழிதியூர் ரோட்டில் முதல் பிரேக்கை மிதித்தேன். மாசி மாதம். அறுப்பு முடிந்து, ரோட்டில் அங்கங்கே பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் நான். அம்பது, நாற்பது, முப்பது, இருபது, பத்து. கால் எடுத்தாச்சு. ஒன்று. ஒரு சத்தமும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெய்மாதிரி இருந்தது.

மூன்றாவது தடவையில்தான் சிக்கல் தெரிந்தது.

எங்கள் ரோட்டில் ஒரு கார், நிற்கிற ஆள் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வந்து ஏறிக்கொள். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். கதவைத் திறந்து உட்கார்ந்து, வண்டி கிளம்பிய பிறகுதான் எதுவரைக்கும் என்ற பேச்சே வரும். பஸ் குறைந்த ஊரில் அது மரியாதை. நானும் தினமும் இரண்டு மூன்று பேரை ஏற்றி இறக்குகிறவள்தான். இதெல்லாம் வளைகுடாவில் வண்டி பழுது பார்த்த பாய்க்கு எப்படித் தெரியும்? அவர் காலி ரோடு என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ரோடு ஏது காலியாக? பனைமரத்துக்குப் பனைமரம் ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கிறார்.

யூரியா மூட்டையை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். நான் சரியாக அவர் பக்கத்தில் பத்துக்கு வந்தேன். அவர் முகம் மலர்ந்து, குனிந்து, மூட்டையைத் தூக்கிக் கதவுக்கு வந்துவிட்டார். நான் காலை எடுத்து அழுத்தினேன். வண்டி சீறிக்கொண்டு போனது.

"ஏம்மா! ஏத்தலைன்னா எதுக்கும்மா நிக்கிற மாதிரி வர்ற?"

கண்ணாடியில் பார்த்தேன். மூட்டையை இடுப்பில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. ஆனால் விதி விதிதானே. ஐயா, திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும்போதும் நிறுத்த முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

ஆறாவது தடவை ஒரு மீன்கார அம்மாள். தலைக்கூடையை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, ஏறத் தயாராகிவிட்டார். நான் கிளம்பியதும் அவர் போட்ட சத்தத்தில் ஓரத்து நெல்லில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. "போடி போ! காருல போனா கண்ணு தெரியாதோ?" என்றது மட்டும் காதில் விழுந்தது. அதற்குமேல் அவர் சொன்னதை எழுத முடியாது. எனக்கு ஒரு பக்கம் அவமானம், இன்னொரு பக்கம் அடக்க முடியாத சிரிப்பு. தனியாக வண்டிக்குள் உட்கார்ந்து பைத்தியம்மாதிரி சிரித்துக்கொண்டே ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணினேன். அதற்குப் பிறகு ஆள் இல்லாத இடமாகப் பார்த்து மிதிக்கக் கற்றுக்கொண்டேன்.

விழிதியூர் தாண்டித் திரும்பி மறுபடி நெரவி நோக்கி வந்தேன். பன்னிரண்டு தடவை முடிந்திருந்தது. எங்கள் ஊர் பஸ் நிறுத்தம் வரும் முன்னால் யாருமில்லை என்று நினைத்துப் பதின்மூன்றாவதை மிதித்தேன். நிறுத்தத்து வேப்பமர நிழலில் ஆள் நிற்பது முப்பதுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அக்கா.

சந்தன நிறப் புடவை. கையில் மஞ்சள் பை. பத்திரிகை புரூப் அதில்தான் இருக்க வேண்டும். மூன்று வருடமாக என் வண்டி வந்தால் அந்தப் பக்கம் திரும்பி நிற்பவர், அன்று திரும்பவில்லை. நேராகப் பார்த்தார். நான் இருபதுக்கு வந்தேன். பிறகு பத்து. இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அக்கா பையை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையைத் தூக்கினார்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக!

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலை பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. பதின்மூன்று தடவை பழகிய கால், தானாகவே எடுத்து தானாகவே அழுத்திவிட்டது. நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று தலைக்குள் அடிக்கோடு போட்ட அந்த வரி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்க்கும்போது அக்காவின் கை இன்னும் பாதி உயரத்தில் இருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

அடிப் பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வாய்விட்டு, சத்தமாக. அரிசி மில் வாசலில் வண்டியை உருட்டியபடியே திருப்பி, வந்த வழியே ஓட்டினேன். எதிரில் டவுன் பஸ் வந்தது. என்னைத் தாண்டிக் காரைக்கால் பக்கம் போனது. கடைசிக்கு முன் சீட்டு ஜன்னலில் சந்தன நிறப் புடவை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துகூடத் திரும்பவில்லை.

போன் செய்யலாமா? நான் செய்தால் எடுக்க மாட்டார். அண்ணனுக்குச் செய்து சொல்லச் சொல்லலாமா? அவர் கடைக்குப் போனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர். பஸ் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் காரைக்கால் போய்விடும். பிரஸ்ஸில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "இந்தப் பேரை எடுத்துடும்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கை காட்டியும் நிறுத்தாமல் போனவளின் பேரை யார்தான் விட்டுவைப்பார்கள்? நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

மறுபடி வண்டியைத் திருப்பி பஸ்ஸைத் துரத்தினேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கிறது. நான் நிற்க முடியாது. அதனால் பஸ் நிற்கும்போது நான் பத்துக்குக் குறைத்து, அக்கா ஜன்னலுக்கு நேராக ஊர்ந்து, "அக்கா!" என்று கத்திவிட்டு முன்னால் போய்விடுவேன். பிறகு மெதுவாகப் போனால் பஸ் என்னைத் தாண்டும். மறுபடி நான் வேகம் எடுத்து ஒட்டிக்கொள்வேன். அடுத்த நிறுத்தத்தில் அதே கதை. பதினான்கு. பதினைந்து. அவ்வளவு கலவரத்திலும் என் வாய் எண்ணிக்கொண்டிருந்தது, பாருங்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்டக்டர் படியில் தொங்கியபடி, "யம்மா, போறதுன்னா போங்க, வர்றதுன்னா வாங்க! என்னா விளையாட்டு இது?" என்றார்.

பதினேழாவது தடவையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னலுக்கு நேராக வந்ததும், எதைச் சொன்னால் புரியும் என்று தெரியாமல், இருந்த ஒரே காரணத்தைக் கத்தினேன்.

"அக்கா! என்னால நிறுத்த முடியலக்கா! பிரேக்குக்கா!"

சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டேன். அவ்வளவுதான். பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். நான் பின்னால் திரும்பிப் பார்த்தபோது எல்லாத் தலையும் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் என் பின்னாலேயே வந்தார். பஸ் என் பக்கத்துக்கு வந்ததும் கண்டக்டர் கையை ஆட்டி ஆட்டி, "கியரக் குறைங்க! ஹேண்ட் பிரேக்க மெதுவா இழுங்க! பயப்படாதீங்க!" என்றார். முன்சீட்டில் ஒரு அம்மாள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பிரேக் இல்லை என்று முழு பஸ்ஸும் நம்பிவிட்டது.

இல்லை, இல்லை, பிரேக் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சீட்டிலிருந்து எழுந்து இந்தப் பக்கம் வந்து, பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டார். பின்னாலிருந்து யாரோ அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முகம் வெளுத்துப்போயிருந்தது. மூன்று வருடம் எனக்குக் கிடைக்காத குரல் அந்த ரோடு முழுக்கக் கேட்டது.

"வயல்ல இறக்குடி! அறுத்த வயலு, ஒண்ணும் ஆவாது! இடது பக்கம் ஒடிச்சு வயல்ல இறக்கு! வண்டி போனாப் போவுது! ஏய், இறக்குடி!"

என்னால் தாங்க முடியவில்லை. பாய், தாள், அடிக்கோடு, டிஸ்க் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. அப்படி ஒரு பிரேக்கை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. சூடாக இருக்கும்போது இப்படி நிறுத்தியதைக் கேட்டுப் பாய் அன்று சாயங்காலம் தலையில் அடித்துக்கொண்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் காப்பாத்துனான்க்கா, ஒண்ணும் ஆகல. மிச்சத்தை நானே முடிச்சுக்குறேன், நீங்க கிளம்புங்க" என்றார்.

பஸ் எனக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றது. எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அக்கா. புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் பையை இன்னொரு கையில் ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, கதவைத் திறந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"அடி ஒண்ணும் படலையே? எங்கயாவது இடிச்சியா? வாயத் தொறந்து சொல்லேன்டி!"

"ஒண்ணும் இல்லக்கா. பிரேக் நல்லாத்தான் இருக்கு."

"என்னா?"

"புதுப் பிரேக்கு. இருபது தடவை நிறுத்தாம ஓட்டணும்னு பாய் சொன்னாரு. பதினேழு ஆச்சு."

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்டக்டர் முதலில் வாயைத் திறந்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து திறந்தார்கள். படித்த பொம்பளை செய்கிற வேலையா, பஸ்ஸில் குழந்தை குட்டி இருக்கிறது, ஒரு நிமிடம் உயிரே போய்விட்டது, இன்னும் என்னென்னவோ. என் வாழ்க்கையில் நான் பதில் பேசாமல் திட்டு வாங்கியது அன்று ஒருநாள்தான். கடைசியில் டிரைவர் ஹாரன் அடித்தார், ஏறினார்கள், பஸ் போய்விட்டது.

அக்கா மட்டும் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கன்னத்தில் வழிந்திருந்ததை முந்தானையால் துடைத்தார். பிறகு யாரும் ஒன்றும் சொல்லாமலே சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கெளம்பு. பிரஸ் பன்னெண்டரைக்குச் சாத்திடுவான்."

நான் வண்டியை எடுத்தேன். அரசலாற்றுப் பாலம் வந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அக்கா, அன்னிக்கு சீட்டு அழுக்காகும்னு சொன்னது தப்பு. வாய்க்கொழுப்பு. மன்னிச்சுடுங்க."

"வாய்க்கொழுப்புதான்" என்றார் அக்கா. "எனக்கும் அன்னிக்குப் பசி. பசிச்சா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. உங்கம்மாவ நான் இழுத்திருக்கக் கூடாது. நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க."

"முட்டி வலின்னு சொன்னாங்களே."

"யார் சொன்னாங்க?"

"சொன்னாங்க" என்றார், அவ்வளவுதான்.

முன்னால் போன மாட்டுவண்டியைத் தாண்டும் சாக்கில் கண்ணைச் சிமிட்டிச் சரிசெய்துகொண்டேன். பிரஸ் இருக்கிற தெருவுக்குள் திரும்பி, கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை. மஞ்சள் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மடியில் விரித்தார்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்தேன். பார்த்து, அதில் என் பேர் இல்லை என்று தெரிந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"எதுக்குக்கா கை காட்டுனீங்க? காருல வர்றதுக்கா?"

"உன் காருல வர்றதுக்கு நான் எதுக்குக் கை காட்டுறேன்? பஸ்ஸு இல்லையா எனக்கு?" பையிலிருந்து பேனாவைத் தேடி எடுத்தார். "உனக்குப் போன தீபாவளிக்கு முன்னாடி பதவி உயர்வு ஆச்சாமே. எங்க வீட்டுக்காரரு பழைய நெனப்புல உன்ன கிளார்க்குன்னே எழுதி வெச்சிருக்காரு. தப்பா அச்சடிச்சுட்டா சபையில உனக்குத்தானே கொறச்சல். அதக் கேக்கத்தான் கை காட்டுனேன். நீ பாட்டுக்குப் பறக்குற."

நான் அழுதுவிட்டேன். பட்டப்பகலில், கடைத்தெருவில், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

"அந்தப் பதவியெல்லாம் எனக்கு எதுக்குக்கா? சித்தின்னு போட்டீங்கன்னா அதுவே போதும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு எரிச்சல்.

"சித்தின்னு போடாம வேற என்னான்னு போடுவாங்க? அது மொத நாளே எழுதியாச்சு. அதுக்குக் கீழ என்னா போடணும்னு சொல்லித் தொலை, கடைய சாத்திடப்போறான்."

கண்காணிப்பாளர் என்று சொன்னேன்.